ஜஸ்ரினைக் கூப்பிடாத குசினி

யூன் 3, செவ்வாய்

மேசன் இன்று குசினி வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டார். தரைக்கும் சுவருக்கும் மாபிள் பதித்தாயிற்று. பழைய சீமெந்து றாக்கைகளை இடித்த நாளிலிருந்து றெஜினா பின்பக்கத் திறந்த பத்தியில் காஸ் அடுப்பை வைத்துச் சமைக்கிறாள். அவள் விற்கிற றோல்ஸ், பற்றிஸ் பலகார ஓடர்களும் அங்கேயேதான். காற்று அடித்தால் அடுப்பு அணையும். காற்று அடிக்காவிட்டால் காகம் வரும்.

இனி மிச்சம் பாத்திரம் அடுக்குகிற கபேட்கள் மட்டும். கீழே ஆறு, மேலே நான்கு. போன மாதமே நான் அளவெடுத்துக் கொழும்புக்கு அனுப்பிவிட்டேன். பெட்டி பெட்டியாக வரும், நாங்கள் பொருத்திப் பூட்டவேண்டும்.

"ஆர் பூட்டப்போறது?" என்று றெஜினா கேட்டாள். "ஜஸ்ரினைக் கேப்பமோ? குருநகரிலை பாதி வீட்டுக் குசினி அவன் பூட்டினதுதான்."

"உதுக்கேன் ஜஸ்ரின்? நான் பூட்டுறன்."

சொன்னது நான்தான். வாய் சொல்லி முடித்த பிறகுதான் காதுக்குக் கேட்டது.

எனக்கு வயது ஐம்பத்துமூன்று. பிரதேச சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தனாக இருபத்திரண்டு வருடம். ஊரார் கட்டுகிற வீடுகளுக்குப் போய், சுவர் சரிவு, கூரை பதிவு என்று பிழை பிடித்துச் சிவப்புப் பேனையால் எழுதுவது என் தொழில். என் சொந்தக் கையால் இதுவரை அடித்த ஆணி ஒன்றே ஒன்று. அதில் கலண்டர் தொங்குகிறது. சரிவாக.

றெஜினா என்னை மேலும் கீழும் ஒருதரம் பார்த்துவிட்டு, "சரி" என்றாள். அந்தச் 'சரி' எனக்குப் பிடிக்கவில்லை.

யூன் 4, புதன்

நேற்று எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். இதை வாசிக்கப்போவது நான் ஒருவன்தானே.

ஜஸ்ரினை ஏன் வேண்டாம் என்றேன்?

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு. எங்கள் கல்யாணத்துக்கு ஒரு கிழமை இருக்கிறது. றெஜினாவின் பக்கத்து வீட்டு லூர்த்தம்மா மாமி என் அம்மாவோடு கதைக்க வந்தவர், நான் அறைக்குள் இருப்பது தெரியாமல் சொன்னார்: "றெஜினாவை ஜஸ்ரினுக்கும் கேட்டவை. நல்ல கைவேலைக்காரப் பெடியன். அவையள் ஏனோ உங்கடையவனுக்குக் குடுக்கினம்."

ஏனோ.

இருபத்தாறு வருடம் போய்விட்டது. ஒரு மகளைப் பெற்று, வளர்த்து, மட்டக்களப்புக் கம்பசுக்கு அனுப்பியாயிற்று. அந்த 'ஏனோ' மட்டும் இன்னும் போகவில்லை. றெஜினாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்ற பயம்.

யாகப்பர் கோயிலில் ஜஸ்ரின் வலப்பக்க வாங்கில் இருந்தால் நான் இடப்பக்கம் இருப்பேன். "லெனாட் அண்ணை" என்று வாய் நிறையச் சிரிப்பான். நான் போனைப் பார்ப்பேன். போன் இல்லாத காலத்தில் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன்.

எங்கள் கல்யாணம் முடிந்த அடுத்த வருடம் அவன் கோப்பாயில் ஒரு சைவப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டினான். இரண்டு பக்கமும் பெரிய குழப்பம். என் மனைவி கிடைக்காத கவலையில்தான் அப்படிச் செய்தான் என்று நான் தீர்மானித்து வைத்திருக்கிறேன். சில வேளைகளில் அவனுக்காகப் பரிதாபப்பட்டும் இருக்கிறேன். எவ்வளவு பெரிய மனது எனக்கு.

யூன் 14, சனி

லொறி வந்தது. பத்துக் கபேட் என்று நினைத்தால் முப்பத்தொரு மட்டைப்பெட்டி. உள்ளே பலகைகள், கதவுப் பிணைச்சல்கள், பை பையாகத் திருகாணிகள், ஒரு படப்புத்தகம். படத்தில் ஒரு மனிதன். முகத்தில் கண் இல்லை, மூக்கு இல்லை, சிரிப்பு மட்டும் இருக்கிறது. அவன் ஒரு கையால் கபேட்டைத் தூக்கி நிறுத்துகிறான்.

காலை எட்டுக்குத் தொடங்கினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் ஒரு கபேட் எழுந்து நின்றது. நான்கு திருகாணி மிஞ்சியது. கொம்பனிக்காரன் தாராளமாக வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். நான் கைவைத்ததும் கபேட் ஒருபக்கமாகச் சாய்ந்து, மெதுவாக, ஒரு கிழவரைப் போலத் தரையில் இருந்துவிட்டது.

அந்த நான்கும் மிச்சம் இல்லை.

யூன் 15, ஞாயிறு

பூசையால் வந்து மேலும் இரண்டு. மகள் ஷெரோன் கம்பசிலிருந்து வீடியோ கோல் எடுத்தாள். பெருமையாகப் போனைத் திருப்பிக் காட்டினேன்.

"அப்பா, உந்தக் கதவின்ரை கைபிடி ஏன் நிலத்தோடை இருக்கு? எலி திறக்கவோ?"

கதவைத் தலைகீழாகப் பூட்டியிருக்கிறேன். "அது இப்பத்தைய மொடல்" என்றேன். தாயும் மகளும் சிரித்தார்கள். றெஜினா சிரித்து மூன்று கிழமை இருக்கும். அந்தக் கதவை அப்படியே விடலாமா என்றும் ஒருகணம் யோசித்தேன்.

யூன் 21, சனி

ஆறாவது கபேட் இறங்கவில்லை.

சுவருக்கும் யன்னல் மூலைக்கும் நடுவில் இருக்கவேண்டிய இடம் ஒன்றரை அங்குலம் குறைவு. அளவு நாடாவை வைத்து மூன்று தரம் அளந்தேன். கோபமாகவும் ஒருதரம் அளந்தேன். குறைவுதான்.

நான் அளவெடுத்தது மாபிள் பதிக்க முதல். மாபிள் பதித்தால், அதன் பின்னால் போகிற சாந்தும் சேர்ந்து சுவர் தடிக்கும். இது எனக்குத் தெரியும். இதை எழுதித்தான் எத்தனையோ பேரின் வரைபடத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு விதவைப் பெண்மணியின் படத்தைக்கூட. அந்த அம்மா இப்போது என்னைப் பார்த்தால் என்ன சொல்வா?

"ஜஸ்ரினை..." என்று றெஜினா தொடங்கினாள்.

"வெட்டினாச் சரி."

யூன் 22, ஞாயிறு

வெட்டினேன். முற்றத்தில் இரண்டு கதிரைகளுக்கு மேல் கபேட்டைக் கிடத்திக் கைவாளால் அறுத்தேன். மதிலுக்கு மேலால் லூர்த்தம்மா மாமியின் தலை தெரிந்தது. எண்பத்தொரு வயது, அவருக்குத் தெரியாமல் இந்த ஒழுங்கையில் ஒன்றும் நடவாது.

"லெனாட், கதிரையையும் சேத்தெல்லோ அறுக்கிறாய்."

பார்த்தேன். ஓம்.

யூன் 25, புதன்

கீழ்க் கபேட் ஆறும் நிற்கின்றன. ஐந்து நேராக.

யூலை 5, சனி

இன்று மேல் கபேட்கள். நான்கும் பழைய சுவரில். அந்தச் சுவர் றெஜினாவின் அப்பா கட்டியது; வீடு அவளுடைய சீதனம். மற்றப் பக்கச் சுவரை நாங்கள் பிறகு சீமெந்துக் கல்லில் கட்டினோம். பாத்திரம் கழுவுகிற தொட்டி பழைய சுவரோடு இருப்பதால் அதற்கு மேலே கபேட் வந்தால்தான் அழகு என்று படப்புத்தகத்தில் இருக்கிறது.

துளைக்கிற மெசினை வைத்தேன். வெண்ணெய்க்குள் கத்தி போவது போலப் போனது. மாபிளைத் தாண்டிய பிறகு வெள்ளைத் தூள் கொட்டுகொட்டென்று கொட்டியது. திருகாணிக்கு முதல் வைக்கிற பிளாஸ்ரிக் ஆப்பை விரலால் தள்ளவே உள்ளே போய்விட்டது. சுத்தியலே தேவைப்படவில்லை. எனக்குக் கை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

பின்னேரம் நான்கும் தொங்கின. கையால் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். கனடாவிலிருக்கிற மச்சான் கைதட்டுகிற படம் அனுப்பினார்.

றெஜினா வந்து நடுக் குசினியில் நின்று சுற்றிவரப் பார்த்தாள்.

"வடிவாத்தான் இருக்கு," என்றாள். "நான் நினைக்கேல்லை."

இரண்டாவது வசனத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. கோப்பை, பீங்கான், பெரிய கண்ணாடிப் பாத்திரங்கள் எல்லாவற்றையும் அவளே ஒவ்வொன்றாகத் துடைத்து மேலே அடுக்கினாள். அவள் பாட்டொன்றை முணுமுணுத்துக்கொண்டு அடுக்கியதை நான் கதவோரம் நின்று பார்த்தேன். மனதுக்குள் யாருக்குக் காட்டினேன்? ஜஸ்ரினுக்குத்தான்.

யூலை 10, வியாழன்

விழுந்திட்டுது.

பௌர்ணமிப் போயா லீவு. நான் விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணி இருக்கும். முதலில் ஒரு சின்னச் சத்தம், மண் கொட்டுகிற மாதிரி. பிறகு வீடு இடிந்த மாதிரி. ஓடிப் போனால் தொட்டிக்கு மேலே இருந்த கபேட் இரண்டும் கீழே. றெஜினா தரையில். சுற்றிவரப் பீங்கான். முகமெல்லாம் வெள்ளைத் தூள். எழும்படி எழும்படி எண்டு கத்துறன், அவள் வலக்கையைப் பிடிச்சுக்கொண்டு என்னைப் பாக்கிறாள். தலையிலை விழுந்திருந்தால்? மா அரிதட்டு எடுக்க ஒரு அடி தள்ளி நிண்டவளாம். ஒரு அடி.

நான் என்ன மனுசன்.

யூலை 11, வெள்ளி

மணிக்கட்டு எலும்பு வெடித்திருக்கிறது. ஆறு கிழமைக்கு மாக்கட்டு. வேறு காயமில்லை.

கொஞ்சம் நிதானமாக எழுதப் பார்க்கிறேன். நேற்று ஓட்டோவில் கொண்டுபோகும்போது அவள் இடக்கையால் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நோவு, ஆறுதல் எனக்கு. ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர் பிள்ளை எழுதிக்கொண்டே கேட்டது: "கபேட் விழுந்ததோ? ஆர் அம்மா பூட்டினது?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் றெஜினா சொன்னாள்: "ஒரு தச்சுவேலை பாஸ், டொக்டர். வெளியூர் ஆள். இப்ப இஞ்சை இல்லை."

டொக்டர் என்னைப் பார்த்து, "உப்பிடியான ஆக்களைப் பாத்துப் பிடியுங்கோ ஐயா" என்றார்.

"ஓம்" என்றேன்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் இவ்வளவு நொந்திராது.

அந்தச் சுவர் சுண்ணாம்புக் கல். உள்ளே சாந்து உக்கித் தூளாகிக் கிடக்கிறது. 'பழைய சுண்ணாம்புச் சுவரில் பாரம் ஏற்றலாகாது' என்று போன மாசிமாதம் ஒரு பாடசாலைக் கட்டடத்துக்கு அறிக்கை எழுதியவன் நான். நல்ல தமிழில் எழுதியிருந்தேன்.

யூலை 12, சனி

றெஜினா கேட்டாள். கட்டிலில் சாய்ந்துகொண்டு, கட்டுப்போட்ட கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு, மெதுவாக.

"உண்மையைச் சொல்லுங்கோ. ஏன் ஜஸ்ரினைக் கூப்பிடேல்லை?"

சொன்னேன். லூர்த்தம்மா மாமி, அறைக்கதவு, 'ஏனோ', கோயில் வாங்கு, எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே கேட்கக் கூசியது. இருபத்தாறு வருடம் உள்ளே இருந்தபோது எவ்வளவு பெரிதாக இருந்தது! வெளியே வந்து கட்டிலில் விழுந்தால் ஒரு பிடிகூட இல்லை.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அப்ப, இவ்வளவு காலமும் நான் உங்களோடை இருந்துகொண்டு இன்னொருத்தனை நினைச்சு அளந்து பாத்துக்கொண்டு இருந்தனான் எண்டோ நினைச்சனீங்கள்?"

"அப்பிடி இல்லை, றெஜி..."

"வேற எப்பிடி?"

மற்றவர்களின் சுவரில் வெடிப்புத் தேடுகிற தொழிலென்றால் சொந்தச் சுவரை எப்போது பார்ப்பது?

"கை நோகுது. கொஞ்சம் படுக்கப்போறன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள்.

யூலை 13, ஞாயிறு

கதைக்கவில்லை.

யூலை 14, திங்கள்

"மாமி இடியப்பம் தந்துவிட்டவ." இன்று முழுவதற்கும் இதுதான். இந்த மூன்று சொல்லிலும் என் பெயர் இல்லை.

பற்றிஸ் ஓடர் தந்த இரண்டு பேருக்கு இடக்கையால் போன் எடுத்து இயலாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். யாகப்பர் திருநாளுக்கு எங்கள் வட்டாரத்துக்கு முந்நூறு றோல்ஸ் கொடுப்பதாக ஏற்றிருக்கிறாள். அதை மட்டும் இன்னும் வேண்டாமென்று சொல்லவில்லை. போனைக் கையில் எடுக்கிறாள், வைக்கிறாள். ஒவ்வொரு வருடமும் திருநாளுக்கு அவள் கையால்தான். பதினொரு வருடமாக.

யூலை 15, செவ்வாய்

அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கோப்பாய்க்குப் போனேன்.

ஜஸ்ரினின் பட்டறை அவன் மனைவி வீட்டு வளவில். அந்த ஒழுங்கை வாசலை மோட்டார்சைக்கிளில் இரண்டு தரம் தாண்டிப் போனேன். இரண்டாம் தரம் ஒரு தோட்டக்காரர், "ஆரைத் தம்பி தேடுறியள்?" என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு தப்ப வழியில்லை.

பட்டறையில் ஒரு பெண், காதில் பென்சில் செருகிக்கொண்டு, பலகை விளிம்புக்குப் பட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். ஜஸ்ரினின் மனைவி பிரசாந்தி. கோயிலுக்கு வருவதில்லையென்பதால் நான் கிட்ட நின்று பார்த்ததில்லை. இருவரும் சேர்ந்துதான் வேலை செய்கிறார்களாம். அளவெல்லாம் அவள்தான்.

உள்ளேயிருந்து ஜஸ்ரின் வந்தான். தலைமயிரெல்லாம் மரத்தூள்.

"அட, லெனாட் அண்ணை! றெஜினாவுக்குக் கை எப்பிடி? கேள்விப்பட்ட உடனை வர நினைச்சனாங்கள். நீங்கள் என்னோடை ஏதோ கோவம் எண்டு இவ சொன்னவ, அதுதான் யோசிச்சனாங்கள்."

"எனக்கென்ன கோவம்," என்றேன். இருபத்தாறு வருடத்தை இரண்டு சொல்லில்.

"ஆர் அண்ணை பூட்டினது?"

வெளியூர் பாஸ் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

"நான்."

ஜஸ்ரின் சிரிக்கவில்லை. பிரசாந்தி மறுபக்கம் திரும்பினாள். அவளுடைய தோள் இரண்டும் குலுங்கின.

"சனிக்கிழமை வாறம்," என்றான். "அதுவரைக்கும் ஒண்டிலையும் கைவையாதேங்கோ அண்ணை."

யூலை 19, சனி

இருவரும் எட்டு மணிக்கே வந்துவிட்டார்கள். பிரசாந்தி நேராகப் பழைய சுவருக்குப் போய் விரல் முட்டியால் மூன்று இடத்தில் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள்.

"உது உள்ளை வெறும் மா, அண்ணை. உதிலை ஒரு படம்கூடத் தூக்கேலாது."

தொங்கிக்கொண்டிருந்த மற்ற இரண்டையும் கழற்றினார்கள். ஒன்றைக் கழற்றத் திருகாணி முறுக்கவே தேவைப்படவில்லை. சும்மா தூக்க வந்தது. இரண்டு கிழமையாக நான் அதன்கீழ் நின்று பல்லுத் தீட்டியிருக்கிறேன். மேல் கபேட்களை எதிர்ப்பக்கச் சீமெந்துக்கல் சுவருக்கு மாற்றினார்கள். முதலில் நீளமான மரச்சட்டம் ஒன்றைச் சுவரில் இறுக்கி, அதில் கபேட்களைக் கொளுவி. பழைய சுவரில் ஒன்றும் இல்லை. வெறுமையாக விட்டால் அழகில்லையே என்று கேட்டேன்.

"உயிரோடை இருக்கிறது அதைவிட வடிவு" என்றாள் பிரசாந்தி.

நான் வெட்டிய ஆறாவது கபேட்டைப் பார்த்து, "உதைக் கோடாலியாலையோ வெட்டினது?" என்றும் கேட்டாள். ஜஸ்ரின் அவளைக் கண்ணால் அடக்கிவிட்டு, என் கதவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்டினான். நல்லவன் என்று தெரிந்துவிட்டால் ஒருவனை வெறுப்பது எவ்வளவு கஷ்டம்.

பதினொரு மணிக்குத் தேத்தண்ணீர். நான் ஊற்றினேன். நான்கு பேரும் குசினிக்குள்ளேயே இருந்தோம். றெஜினா எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னாள்:

"ஜஸ்ரின், உன்னட்டை ஒண்டு கேக்கவேணும். தொண்ணூற்றொன்பதிலை உன்ரை அம்மா என்னைக் கேட்டு எங்கடை வீட்டை வந்தவ. ஞாபகம் இருக்கோ?"

எனக்குப் பக்கத்தில் இருந்த கபேட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் போலிருந்தது. இப்போது கதவும் ஒழுங்காகச் சாத்துப்படுகிறது.

ஜஸ்ரின் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அம்மாவோ? உன்னைக் கேட்டோ? ஆருக்கு?"

ஆருக்கு! கர்த்தரே, 'ஆருக்கு' என்று கேட்டான்.

"உனக்குத்தான்ரா!"

அவன் முகத்தில் நடிப்பு இல்லை. பன்னிரண்டு வயதுப் பையன் போல வாயைத் திறந்துகொண்டு இருந்தான். பிரசாந்திதான் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள்.

"எப்ப அக்கா? மாசியோ பங்குனியோ? அப்ப இவர் கிழமைக்கு மூண்டு தரம் எங்கடை ஒழுங்கையிலை சைக்கிளோடை நிக்கிறவர். அப்பா நாயை அவிட்டு விடுவார். ஓ... இவரின்ரை அம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. அதுதான் அவசர அவசரமா அக்காட்டை ஓடியிருக்கிறா!"

"அம்மா கண்ணை மூடும் மட்டும் எனக்குச் சொல்லேல்லை" என்றான் ஜஸ்ரின். பிறகு அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பேரும் சிரித்தார்கள். றெஜினா கட்டுப்போட்ட கையை மடியில் அணைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

தனக்குப் பெண் கேட்டதே தெரியாத ஒரு மனிதனோடு நான் இருபத்தாறு வருடம் போட்டி போட்டிருக்கிறேன். அதிலும் தோற்றிருக்கிறேன்.

அவர்கள் போன பிறகு றெஜினா சொன்னாள்: "சிரிச்சிட்டன் எண்டு நினையாதேங்கோ. எனக்கு இன்னும் கோவம்தான்."

"தெரியும்."

"தெரிஞ்சாச் சரி."

யூலை 22, செவ்வாய்

இன்று றெஜினா போனை எடுத்து வட்டாரத் தலைவரின் இலக்கத்தை அழுத்தப்போனாள். திருநாள் றோல்ஸ் இல்லை என்று சொல்ல. நான் போனை வாங்கி வைத்தேன்.

"நீர் சொல்லும். நான் செய்யிறன்."

"குசினியிலை நீங்கள் கடைசியாச் செய்தது என்னெண்டு ஞாபகம் இருக்கோ?"

நியாயமான கேள்வி.

"இந்தமுறை நான் சொல்லுறதைக் கேப்பன்" என்றேன். அவள் இடக்கையால் தொட்டியைக் காட்டினாள். பிறகு, "கையை முழங்கை மட்டும் சோப் போட்டுக் கழுவுங்கோ" என்றாள்.

யூலை 24, வியாழன்

நேற்றும் இன்றும் லீவு. அவள் கதிரையில் இருந்து சொல்ல, நான் செய்தேன். மீனை அவித்து முள் எடுத்தேன். வெங்காயம் வெட்டினேன், அதில் அழுததைக் கொண்டு வேறு சில கணக்குகளையும் அழுது முடித்தேன். மெல்லிய தோசை மாதிரிச் சுட்டு எடுத்து, நடுவில் கறி வைத்து மடிக்கவேண்டும். முதல் இருபதும் வாயைப் பிளந்தன.

"உப்பிடிச் சுருட்டாதேங்கோ. ரெண்டு பக்கமும் உள்ளுக்கு மடிச்சுப் பேந்து சுருட்டுங்கோ. கடித உறை மாதிரி."

கடித உறை! அதை முதலே சொல்லியிருக்கலாமே. சபையில் இருபத்திரண்டு வருடம் நான் வேறென்ன செய்தேன்? அதற்குப் பிறகு ஒன்றும் பிளக்கவில்லை. அரசாங்க உத்தியோகம் முதல்முறையாக வீட்டுக்கு உதவியது.

முந்நூற்றுப் பன்னிரண்டு. முதுகு இரண்டாகிவிட்டது. இதை அவள் பதினொரு வருடமாகத் தனியாகச் செய்திருக்கிறாள். நான் விறாந்தையில் இருந்து, "மணம் நல்லாயிருக்கு" என்று சொல்லியிருக்கிறேன். அது உதவி என்றும் நினைத்திருக்கிறேன்.

யூலை 25, வெள்ளி

திருநாள். பூசை முடிந்து கோயில் வளவில் றோல்ஸ் பரிமாறினார்கள். லூர்த்தம்மா மாமி ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை றெஜினா, இந்தமுறை கொஞ்சம் சப்பட்டையாக் கிடக்கு?"

சுற்றிவர நல்ல கூட்டம். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நகரப் பார்த்தேன்.

"இவர் செய்தது, மாமி" என்றாள் றெஜினா. "முந்நூறும் இவர்தான்."

மாமி கடித்தார். மென்றார். "உறைப்புக் காணும்" என்று இன்னொன்றும் எடுத்தார்.

அதற்கு முதல், பூசையில் ஜஸ்ரின் வலப்பக்க வாங்கில் இருந்தான். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். அவன் கொஞ்சம் தள்ளி இடம் விட்டான். அவ்வளவுதான், ஒன்றும் இடிந்து விழவில்லை.

ஓகஸ்ட் 9, சனி

சபையில் ஒரு வீட்டு வரைபடம் வந்தது. மாபிளுக்கு இடம் விடாமல் அளவெடுத்திருக்கிறார்கள். திருப்பி அனுப்பாமல் நேற்று அந்த ஆளைக் கூப்பிட்டு, இருத்தி, எங்கே பிழை என்று காட்டினேன். "ஐயாவுக்கு நல்ல அனுபவம்" என்றார். ஓம்.

ஓகஸ்ட் 23, சனி

புதன்கிழமை கட்டு வெட்டினார்கள். கை மெலிந்து, தோல் வெளிறிக் கிடக்கிறது. எலும்பு நன்றாகப் பொருந்திவிட்டதாம். ஒரு மாதத்துக்குப் பாரம் தூக்கவேண்டாம் என்றார்கள்.

இன்று பின்னேரம் இருவரும் குசினியில் தேத்தண்ணீர் குடித்தோம். யன்னலால் காற்று வந்தது. றெஜினா ஒரு சின்ன றப்பர்ப் பந்தை வலக்கையால் அமத்தி அமத்தி விட்டுக்கொண்டிருந்தாள். கோபம் போய்விட்டதா என்று தெரியவில்லை. ஆனால் இருவரும் ஒரே பக்கத்தில் இருந்தோம்.

கேட்டுவிட்டேன். எப்படி வாய் வந்ததென்று தெரியாது.

"அப்ப, ரெண்டு பேரும் கேட்டு வந்ததிலை... என்னை ஏன்?"

அவள் பந்தை மேசையில் வைத்தாள்.

"உதை அண்டைக்கே கேட்டிருக்கலாமெல்லோ. அம்மா ரெண்டு பேரையும் சொன்னவ. நான்தான் உங்களைச் சொன்னனான்."

"ஏன்?"

"பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு எல்லாரும் தேத்தண்ணி குடிச்ச கோப்பையை இருந்த இடத்திலை வச்சிட்டுக் கதைச்சுக்கொண்டு இருந்தவை. நீங்கள் மட்டும் உங்கடை கோப்பையைக் கையிலை கொண்டு குசினி வாசல் மட்டும் வந்தனீங்கள். நான் உள்ளை நிண்டு பாத்தனான். என்னைக் கண்டிட்டு வெக்கப்பட்டுத் திரும்பிப் போட்டியள். கோப்பை கழுவ வாற மனுசன் எண்டு நினைச்சன்." பந்தைத் திரும்ப எடுத்தாள். "பேந்து இருவத்தாறு வருஷம் ஒரு கோப்பையும் கழுவேல்லை. அது வேற கதை."

சிரித்தாள். அந்த நாளை அவள் மனதில் இன்னும் வடிவாக வைத்திருக்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது.

இங்கே மட்டும் உண்மையை எழுதுகிறேன். அன்றைக்குப் பயத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. கக்கூஸ் எந்தப் பக்கம் என்று கேட்க வெட்கம். பின்பக்கமாக இருக்குமென்று எழுந்து போனேன். வழி தவறிக் குசினி வாசலில் போய் நின்றேன். கோப்பை கையில் இருந்ததே எனக்குத் தெரியாது. உள்ளே ஒரு பெண் நிற்கக் கண்டு திரும்பி ஓடிவந்து, வீடு போய்ச் சேரும் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்லவில்லை. எழுந்து என் கோப்பையை எடுத்தேன். அவளுடையதையும் எடுத்தேன். தொட்டியில் வைத்துக் கழுவினேன்.